அழித்த வரிக்கு ஒரு டிக்

திருவொற்றியூரில் நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன பள்ளியில், ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். எதை எழுதினாலும் எச்சில் விரலால் தேய்த்து அழிப்பாள். அவள் நோட்டெல்லாம் ஓட்டை.

‘கணக்கு வகுப்பு எப்படியிருக்கிறது? நாலு வரி எழுதுங்கள்’ என்று ஆசையாகக் கேட்டேன். முதல் பெஞ்சைப் பார்த்து வகுப்பே ஒரே வரியை எழுதியிருந்தது: ‘கணக்கு மிகவும் பிடிக்கும்.’ அவளும்தான். ஆனால் அதற்கு மேலே, அழித்தும் அழியாத ஒரு வரி: ‘கணக்கு பீரியடுன்னா வயிறு வலிக்குது.’

“இதை ஏம்மா அழிச்சே?”

“அது தப்பு மிஸ். எல்லாரும் வேற எழுதிகீறாங்க. ஃபெயிலாக்கிட்டா மீன் கம்பெனிக்கு எறா உரிக்க அனுப்பிடுவாங்க வூட்ல.”

“இதுல தப்பே கிடையாது. நீ முதல்ல எழுதினதுதான் சரி.”

“மெய்யாலுமா? அப்போ டிக் போடுங்க மிஸ்.”

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். வயிற்று வலிக்கு எப்படி டிக் போடுவது? நான் தயங்குவதைப் பார்த்ததும் அவள் விரல் நாக்குக்குப் போனது.