சிவப்பு மை சார் வெட்டிய மார்க்

‘சிவப்பு மை’ என்ற பெயரை அவள் முதலில் கேட்டது தம்பியின் வாயால்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன் இங்கிலீஷ் பரீட்சைத் தாளை மேசைமேல் விசிறினான். தாள் முழுக்கச் சிவப்பு.

“என்னடா, மூக்குல ரத்தம் வந்துச்சா?”

“சிவப்பு மை சார் திருத்தினது அக்கா. புது வாத்தியாரு. நான் எழுதினதைவிட அவரு எழுதினதுதான் ஜாஸ்தி.”

“யாரோ பெத்த பிள்ளைக்கு இவ்வளவு மெனக்கெடுறாரே, அந்த மனுஷனுக்கு வேற வேலையே கிடையாதா?” என்று சிரித்தாள்.

அடுத்த வருடமே அந்த மனுஷனுக்குத்தான் அவளைக் கட்டிவைத்தார்கள். தம்பிக்குத் தலையில் இடி விழுந்தது போலாயிற்று. ‘மாமா’ என்று கூப்பிடக் கடைசிவரை அவனுக்கு நாக்கு எழவில்லை. அக்கா வீட்டில் சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்றாலும் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பான்.

ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஆடாமல் என்ன செய்யும்? ‘விழுந்தான்’ என்பதற்கு இங்கிலீஷ் சொல்லித்தர வகுப்பில் நிஜமாகவே விழுவார். கிழிந்த முழங்கைச் சட்டையைத் தைப்பது வீட்டுக்காரியின் பாடு. தேறாத பிள்ளையின் தாளை வைத்துக்கொண்டு மார்க் போட இடம் தேடித்தேடி அலைவார். “பாவம், தேதியைச் சரியா எழுதியிருக்கான்” என்று அதற்கும் அரை மார்க். மாலையில் கூடம் நிறையப் பிள்ளைகள், இலவச டியூஷன்.

இந்தக் கருணையெல்லாம் அடுத்தவர் பிள்ளைக்கு. ஒரே மகள் அவர் வகுப்புக்கு வந்து சேர்ந்ததும், எங்கிருந்தோ நீதி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு பரீட்சையிலும் மகள் தாளில் ஐந்து மார்க் வெட்டு. மகளுக்குக்கூடச் சொல்லவில்லை, மனைவிக்கு மட்டும் தெரியும்.

“வீட்லயே வாத்தியார் இருக்காரு இல்ல? அந்த வசதிக்குத்தான் கழிக்கிறேன்.”

“என்னங்க வசதி? ஊர்ப் பிள்ளைங்க கூடத்துல உக்காந்து படிக்குது. உங்க பொண்ணு அடுப்படியில என்னோட தனியா முட்டிக்கிட்டு இருக்கா.”

“அவளைக் கூடத்துல உக்காரவச்சா பாரபட்சம்னு பேசுவாங்க.”

ஆண்டுப் பரீட்சைத் தாளில் பெயர் எழுதிய மூலையை மடித்துத் தைத்துத்தான் கொடுப்பார்கள். திருத்துகிறவருக்கு யார் தாள் என்று தெரியக்கூடாதாம். ஆனால் பெற்ற அப்பனுக்கு மகள் கையெழுத்து தெரியாதா? தன்னுடைய அதே சாய்வு, அதே நீள வால். அந்த வருடமும் கண்டுபிடித்தார், வெட்டினார். வெட்டியதும் தாள் பாஸ் மார்க்குக்குக் கீழே போய்விட்டது.

“நம்ம பொண்ணு இந்த வருஷம் தேறலை” என்றார். குரலில் வருத்தத்தைவிடப் பெருமை தூக்கலாக இருந்தது. “இன்னொரு பொண்ணு எழுதியிருக்கா பாரு, அருமை! அவளைப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க.”

மனைவி அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. தட்டை ‘ணங்’ என்று வைப்பாள். அதுதான் பேச்சு.

ரிசல்ட் வந்தது. மகள் துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

“அம்மா, இங்கிலீஷ்ல நான்தான் ஃபர்ஸ்ட்!” என்றவள் உடனே முகம் வாடினாள். “ஆனா வெல்டர் பொண்ணு ஃபெயிலும்மா. அவங்கப்பா படிச்சது போதும், திங்கக்கிழமையிலேர்ந்து தையல் கம்பெனிக்குப் போன்னுட்டாரு.”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். “அவ கையெழுத்து எப்படிம்மா இருக்கும்?”

“என்னப்பா கேள்வி இது? உங்களை மாதிரிதான். போர்டைப் பார்த்துப் பார்த்து எங்க கிளாஸ்ல பாதிப்பேர் அப்படித்தானே எழுதுறோம். உங்களைப் பிடிக்கும்ல.”

மகள் முகம் கழுவப் போனதும் மனைவி வாய் திறந்தாள்.

“இப்பவே போய்ப் பெரிய டீச்சர்கிட்ட சொல்லுங்க.”

“என்னன்னு சொல்றது? போட்ட மார்க்கை நானே வெட்டினேன்னா? என் பேரு என்னத்துக்காகும்?”

“உங்க பேருக்கு ஒண்ணும் ஆகாது. அந்தப் பொண்ணு காலம் பூரா பித்தான் தைக்கும், அவ்வளவுதான். கிளம்புங்க, நானும் வர்றேன்.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

“திருடறவங்க அடுத்த வீட்ல திருடுவாங்க சார். நீங்க சொந்த வீட்டையே கொள்ளையடிச்சிருக்கீங்க, அதுவும் சிவப்பு மையில.”

மார்க்கைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். இனிமேல் சார் பாடம் நடத்தினால் போதும், தாள் திருத்த வேறு ஆள் என்றும் சொல்லிவிட்டார்.

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனார்கள். வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டு, விஷயம் புரிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எந்த வாத்தியார் சார் தப்பை ஒத்துக்கிட்டு இவ்வளவு தூரம் வருவாரு? பொண்ணு ஸ்கூலுக்கு வரும் சார். நீங்க தெய்வம்!”

கேட்கணுமா? சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் அதே பேச்சு. தப்புச் செய்ததற்கு அவருக்குக் கிடைத்த பேர், முப்பது வருடம் ஒழுங்காகப் பாடம் நடத்தியவர்களுக்குக்கூடக் கிடைத்ததில்லை.

விஷயம் காதுக்கு எட்டிய மகள் மட்டும் கையைத் தட்டவில்லை. “வெல்டர் பொண்ணுக்கு வெட்டினது திரும்பி வந்துடுச்சு. எனக்கு இத்தனை வருஷமா வெட்டினதை நான் யாருகிட்டப்பா போய்க் கேக்கிறது?”

மறுநாள் அவர் கூடத்தில் மகளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார். அவள் வரவில்லை, அடுப்படியே பழகிவிட்டது என்றாள். கையெழுத்தையும் நிமிர்த்தி எழுதப் பழகிக்கொண்டாள். அப்பாவிடம் மரியாதை குறையவில்லை. காய்ச்சலில் அவர் படுத்தபோதெல்லாம் கூடவே இருந்து பார்த்தவளும் அவள்தான். ஆனால் இங்கிலீஷில் ஒரு வார்த்தைக்குக்கூட அவரிடம் அர்த்தம் கேட்டதில்லை. நாற்காலி மட்டும் கடைசிவரை கூடத்தில் கிடந்தது. வேறு பிள்ளை யாரையும் அவர் அதில் உட்கார விடவில்லை.

அவர் போனபோது தெரு கொள்ளவில்லை. வந்தவர்களெல்லாம் “எங்க அப்பா மாதிரி” என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். கூட்டத்தில் ஓரமாக ஒதுங்கி நின்ற மகளிடம் ஒருவர், “நீங்க எந்த பேட்ச்?” என்று கேட்டார்.

“நான் வீட்டு பேட்ச்” என்றாள்.

சிவப்பு மை சார் இப்போது நகரசபைக் கல்லறைத் தோட்டத்தில், கிழக்குச் சுவரோரம், ஒரு தபால்காரருக்கும் ஒரு பல் டாக்டருக்கும் நடுவில் இருக்கிறார்.