நனைந்த பாவாடையோடு ஒரு நடன வகுப்பு

முதலில் அதை வியர்வை என்றுதான் நினைத்தேன். உத்திரமேரூரில் அப்போது சித்திரை வெயில். தகரக் கூரை போட்ட கூடத்தில் பிள்ளைகளோடு குதித்துக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் காற்று. காற்றடிக்கும்போது பனைமரம் என்ன செய்கிறது என்று ஒரு பெண் உடம்பை முறுக்கிக் காட்டினாள். நானும் அவளோடு சேர்ந்து ஒரு தாவு தாவினேன். கால் தரையில் பட்டதும் தொடையின் உட்பக்கம் சூடாக ஏதோ இறங்கியது. வியர்வை அவ்வளவு சூடாக இருக்காது. தெரிந்தும், வியர்வைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. இரண்டு பிள்ளைகளின் தாய். இதே தொல்லையை யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. முகம் சூடாகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

சிறு வயதில் காஞ்சிபுரத்தில் பரதம் கற்றேன். அரங்கேற்றம் வரை போகவில்லை. கல்யாணமாகி உத்திரமேரூர் வந்த பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய மாலைப் பள்ளியில் நடனம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. வேலையில் சேருமுன் சென்னையில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் கற்றதற்கு நேர் எதிரான நடனம் அது. அடவு கிடையாது, முத்திரை கிடையாது. நிலத்தை, நீரை, நெருப்பை, காற்றை உற்றுப் பார்க்க வேண்டும். பார்த்ததற்கு உடம்பு தானாக ஓர் அசைவைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

“தண்ணி மாதிரி ஆடு” என்று சொன்னால் எல்லாப் பிள்ளையும் கையை அலை போல ஆட்டும். அதனால் அப்படிச் சொல்லவே மாட்டேன். ஏரி மதகுக்குக் கூட்டிப்போய்ச் சும்மா உட்கார வைப்பேன். திரும்பி வந்ததும், “தண்ணி இன்னா பண்ணுச்சு?” என்று கேட்பேன். “ஆகாயத்தாமரையில மாட்டிக்கினு நவுராம நின்னுச்சு டீச்சர்” என்பான் ஒருவன். “எப்படி நின்னுச்சு?” என்றால் காட்டுவான். செங்கல் சூளையில் வேலை செய்யும் இருளர் குடும்பத்துப் பிள்ளைகள் நெருப்பை ஆடினால் கை கால் எதுவும் பரபரக்காது. கல்லாக நிற்பார்கள். விரல் நுனி மட்டும் துடிக்கும். சூளைக்குள் நெருப்பு அப்படித்தான் இருக்குமாம்.

“இது இன்னா டான்ஸு, சாமி வந்தாப்ல?” என்று ஊரில் சிரித்தார்கள். நான் பொருட்படுத்தவில்லை. அந்த வேலையில் எனக்குப் பெருமை இருந்தது.

சில மாதங்கள் போனதும் தும்மினால், இருமினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிந்து பாவாடை நனைந்தது. மாலையானால் அடிவயிறு கனத்தது. பிறப்புறுப்பில் ஏதோ பந்து போல வந்து இடிப்பது குளிக்கும்போது கையில் பட்டது. கையை எடுத்துவிட்டேன். மறுபடி தொட்டுப் பார்க்கவில்லை. அடர் நிறப் புடவை மட்டும் கட்டினேன். இரண்டு உள்பாவாடை அணிந்தேன். வாடை தெரியக்கூடாது என்று தலை கொள்ளாமல் மல்லிகை வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காருவதில்லை. பிள்ளைகள் வேடிக்கையாக ஏதாவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், ஏனென்றால் சிரித்தாலும் கசிந்தது. டீச்சருக்கு இப்போதெல்லாம் கோபம் ஜாஸ்தி என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

கணவரிடம் சொல்லவில்லை. அவர் வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லில் மெக்கானிக். அவர் பக்கத்தில் படுப்பதைத் தவிர்த்தேன். பிள்ளைகளுக்கு இருமல், காய்ச்சல் என்று ஏதாவது காரணம் சொல்லி அவர்களிடையே படுத்துக்கொண்டேன்.

மாதவிலக்குக்கு வைக்கும் பஞ்சு நாப்கினை இதற்கும் வைக்கத் தொடங்கினேன். பஜாரில் நூர்ஜகான் அக்காவின் வளையல் கடையில்தான் வாங்குவேன். வீட்டின் முன்னறையே கடை. அவருடைய மகள் பர்வீன் என் வகுப்புப் பிள்ளை. ஒருநாள் பொட்டலத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே அக்கா கேட்டார்.

“இன்னா டீச்சர், இப்பத்தானே வாங்கினு போன? ரொம்ப போவுதா?” பிறகு குரலைத் தணித்தார். “இல்ல, ஒண்ணுக்கு தாங்கலயா?”

“சே, அதெல்லாம் இல்லக்கா. ஊர்லேந்து அண்ணி வந்துகீறாங்க. அவங்களுக்கு.”

“எதுனா இருந்தா சொல்லும்மா. பொம்பளங்களுக்கு அடிவவுறு எறங்கறதெல்லாம் கீறதுதான். ஆஸ்பத்திரி போனா சரி பண்ணுவாங்க.”

சிரிக்க முயன்றபடி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. என்னைத் தெரியாத வாலாஜாபாத் கடைகளில் வாங்கினேன். தெருவில் அக்காவைப் பார்த்தால் சந்தில் திரும்பினேன்.

பிறகு அந்தத் தண்ணீர்ப் பாடம். மதகிலிருந்து திரும்பி வந்து கூடத்தின் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். திடீரெனத் தும்மல் வந்தது. கால் இரண்டையும் சேர்த்து இறுக்கினேன். பயனில்லை. நாப்கின் தாங்கவில்லை. என் பாதத்தைச் சுற்றி சிமெண்டுத் தரையில் ஈரம் பரவியது. பிள்ளைகள் வட்டமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் குடிதண்ணீர்க் குடம் இருந்தது. யோசிக்கவே இல்லை. காலால் ஓங்கி உதைத்தேன்.

குடம் உருண்டு தரையெல்லாம் தண்ணீரானது. என் புடவையும் நனைந்தது. ஒருத்தி அந்தத் தண்ணீரில் முழங்காலிட்டுச் சறுக்கினாள். இன்னொருவன் தண்ணீர் ஓடும் பக்கமெல்லாம் தவழ்ந்துபோய்ச் சுவரில் முட்டி இரண்டாகப் பிரிவதைக் காட்டினான். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் கற்றுக்கொடுக்க முயன்றது அத்தனையும் அன்று அந்தத் தரையில் நடந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். பிள்ளைகள் எதில் கை வைக்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும். அழுகை வந்தது.

வாசலில் எங்கள் ஒருங்கிணைப்பாளர் சேகர் சார் நின்றிருந்தார். “பிரமாதம் டீச்சர்! தண்ணிய ஊத்தி தண்ணி பாடம். இன்னா ஐடியா! ஆண்டு விழாவுக்கு மெட்ராஸ்லேந்து ஆளுங்க வராங்க. அப்படியே இதையே வெச்சிக்கலாம். குடத்த நீங்களே ஒதைக்கணும்.”

தலையாட்டினேன்.

அன்றிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். உள்ளே போகாவிட்டால் வெளியே வராது என்பது என் கணக்கு. வகுப்பு நாட்களில் காலை காபிக்குப் பிறகு ஒன்றும் குடிக்கமாட்டேன். சிறுநீர் மஞ்சளாகி, பின் எரிச்சலெடுத்தது. சொட்டுச் சொட்டாகப் போனது. விழாவுக்குச் சில நாள் முன்பு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்து, இடுப்பு வலியில் சுருண்டு விழுந்தேன். கணவர் வண்டி பிடித்துச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

சிறுநீரகம் வரை கிருமித் தொற்று ஏறியிருந்தது. யூரின் கல்ச்சர் (சிறுநீரில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். ஊசி மருந்து நரம்பில் ஏறியது. காய்ச்சல் தணிந்ததும் பெண் மருத்துவர் ஒருவர் திரையை இழுத்துவிட்டுப் பரிசோதித்தார். என்னைவிட இளையவர். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“இப்பத்தான் டாக்டர். கொஞ்ச நாளா.”

“நான் பார்த்துட்டேன்மா. என்கிட்ட எதுக்கு மறைக்கிறீங்க?”

அதற்கு மேல் தாங்கவில்லை. சொன்னேன். குடத்தை உதைத்ததை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

இரண்டாவது பிரசவம் வீட்டிலேயே நடந்தது. வெகுநேரம் முக்கவேண்டியிருந்தது. அப்போது இடுப்பின் அடித்தளத்தைத் தாங்கும் தசைகள் தளர்ந்துவிட்டன என்றார். கர்ப்பப்பை கீழே இறங்கியிருக்கிறது, சிறுநீர்ப்பையும் கூடவே சரிந்திருக்கிறது. என் கையில் இடித்த பந்து அதுதான்.

“டான்ஸ் ஆடினதாலயா?”

“அதனால வரல. ஆனா இப்படியே குதிச்சா இன்னும் இறங்கும். தண்ணி குடிக்காம இருந்தா சரியாகும்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லல டாக்டர்.”

“யாரையாவது கேட்டிருக்கலாம்.” கடுமையில்லாமல்தான் சொன்னார். எனக்கு அது அறை போல விழுந்தது.

கர்ப்பப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சை ஒரு வழி. உடனே தேவையில்லை, முதலில் பெசரி (கர்ப்பப்பை இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் வளையம்) வைத்துப் பார்க்கலாம், கூடவே தசைப் பயிற்சி செய்யலாம் என்றார். நான் வளையத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கணவரிடமும் மருத்துவரே சொன்னார். அவர் வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் நெடுநேரம் நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தார்.

“எம்மேல தான் இன்னாவோ கோவம்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

“இத எப்படிங்க சொல்றது?”

“எப்படின்னா? வாயால தான்.”

அப்படிச் சொன்னாரே தவிர அவராலும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க வந்த உறவுக்காரர்களிடமெல்லாம் “கிட்னியில இன்ஃபெக்சன்” என்றே சொன்னார். அந்தப் பாதி உண்மைக்கு நான் அவரிடம் நன்றியோடு இருந்தேன். இருவரும் சேர்ந்து ஒரே விஷயத்துக்கு வெட்கப்பட்டோம். எங்களுக்குள் மறுபடி ஓர் ஒட்டுதல் வந்தது அங்கிருந்துதான்.

விழா நான் இல்லாமலே நடந்தது. வீடு திரும்பிய சில நாளில் நூர்ஜகான் அக்கா பழத்தோடு வந்தார். எனக்கு எழுந்து ஓடிவிடத் தோன்றியது. அவர் பாயில் உட்கார்ந்தார், சற்றுநேரம் பர்வீனின் படிப்பைப் பற்றிப் பேசினார், பிறகு விழாவைப் பற்றிய பேச்சுக்கு வந்தார்.

“குடத்த ஒதைக்கற வேஷம் பர்வீனுக்குத் தான். ஒதைக்கறதுக்கு முன்னாடி காலு ரெண்டையும் சேத்து இறுக்கிக்கினு, பல்லக் கடிச்சிக்கினு நின்னா. அணையில தண்ணிய அடச்சி வெச்சாப்ல கீதுன்னு மெட்ராஸ்காரங்க கைதட்னாங்க. நான் தட்டல. வூட்டுக்கு வந்து, இத எங்கடி கத்துக்கினன்னு கேட்டேன். டீச்சர் அப்படித் தாம்மா நிப்பாங்கன்னுச்சு.”

உற்றுப் பாருங்கள் என்று ஓயாமல் சொல்லிக்கொடுத்தவள் நான். அவர்கள் என்னையும் பார்த்திருக்கிறார்கள். ஒன்றையும் தவறவிடாமல் பார்த்திருக்கிறார்கள். ஓர் அரங்கு நிறைய ஆட்கள் என் வெட்கத்துக்குக் கைதட்டியிருக்கிறார்கள். பாயைப் பார்த்தபடி கேட்டேன், “பர்வீனுக்குத் தெரியுமாக்கா?”

“ஒண்ணும் தெரியாது. தண்ணி பாயறதுக்கு முன்னாடி அப்படித் தான் நிக்கும்னு நெனச்சிக்கினு கீது.” அக்கா பழத்தோலைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். “அன்னிக்கு கடையில ஒன்ன சும்மா கேக்கல டீச்சர். எனக்கும் கீது. பர்வீன் பொறந்ததுலேந்து. கறுப்பு புர்காவுல ஈரம் தெரியாது, அதான் ஊருக்குத் தெரியல. ஆஸ்பத்திரி போனா சரியாவும்னு ஒனக்குச் சொன்னேனே தவிர, நான் போவல.”

அண்ணி என்று நான் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. அவர் தன்னைப் பற்றிச் சொல்லத்தான் அன்று வாயெடுத்திருக்கிறார். நான் பொட்டலத்தோடு ஓடிவந்துவிட்டேன். அடுத்த முறை செங்கல்பட்டுக்கு இருவரும் சேர்ந்து போனோம். பஸ்ஸில் இருவருமே உட்காரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தோம். இருவருக்குமே கசிந்திருக்கும்.

பயிற்சி எளிது. சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போல அந்தத் தசையை உள்ளே இழுத்துப் பிடித்து, மெல்ல விடவேண்டும். வயிறும் தொடையும் அசையக்கூடாது. நான் தொடக்கத்தில் தப்பாகவே செய்தேன். கண் இமை வரை தனித்தனியாக அசைக்கப் பழகிய உடம்பு எனக்கு. இந்த ஒரு தசை இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறேன். காய் நறுக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, டிவி பார்க்கும்போது யாருக்கும் தெரியாமல் செய்தேன். இன்று செய்தால் நாளைக்குப் பலன் தெரியாது. அடுத்த மாதமும் தெரியவில்லை. மாம்பழம் வந்து முடிந்து, மழையும் வந்த பிறகு ஒருநாள் தும்மினேன். நனையவில்லை. அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வளையத்தை அவ்வப்போது ஆஸ்பத்திரியில் கழற்றிச் சுத்தம் செய்து போட்டுக்கொள்கிறேன். அறுவை சிகிச்சை இன்னும் பாக்கி இருக்கிறது. நூர்ஜகான் அக்காவுக்கு அது முடிந்து நன்றாக இருக்கிறார். வெட்கமும் போகவில்லை. குறைந்திருக்கிறது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வெட்கம் போகட்டும், பிறகு டாக்டரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். வெட்கத்தோடே போங்கள்.

மறுபடி வகுப்புக்குப் போனபோது நான் குதிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். நான் ஆடிக் காட்டாததால் பிள்ளைகள் என்னைப் பார்ப்பதை விட்டு ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினார்கள். அன்று மண் பாடம். உழுத மண், காய்ந்து வெடித்த மண், நாற்றங்காலின் சேறு என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். நடுவில் எனக்கு அவசரம் வந்தது. பழைய நாளாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்பு முடியும்வரை இருந்திருப்பேன். எழுந்து நின்றேன்.

“ஆடிக்கினு இருங்க. டீச்சர் பாத்ரூம் போயிட்டு வரேன்.”

“சரி டீச்சர்” என்றார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சிறுநீர்ப்பை முழுவதும் காலியாக வேண்டும், அவசரப்படக்கூடாது, ஒருமுறை போனபின் சற்று இருந்து மறுபடி முயற்சி செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கதவைத் தாழிட்டு உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் அவர்களுடைய பாதங்கள் தரையில் அழுந்தி எழும் ஓசை கேட்டது. மெதுவாக, கனமாக, ஒழுங்கில்லாமல். என் உடம்பு எடுத்துக்கொள்ளும் நேரத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.