வீட்டுக்கு மேலே ஒரு கிளை

ஏலச்செடிமேல் வெயில் நேராக விழாமல் பார்த்துக்கொள்வதுதான் மலையில் என் வேலை. நிழல் கொஞ்சம் குறைந்தாலும் முதலாளிக்குத் தூக்கம் வராது. கீழே போடியில் என் கைப்பிள்ளை படுத்திருப்பதோ தகரக் கூரைக்கு அடியில். தெருவோரப் புங்கமரத்தின் பெரிய கிளை கூரைமேல் கவிந்திருப்பதால்தான் அங்கே குடியிருக்க முடிகிறது. வெக்கையில் பிள்ளை சுருண்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, அப்போதுதான் வீடு வந்திருந்தது. இன்னொரு தடவை சூடு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று மதியம் மனைவி போன் செய்தாள்.

"எதிர்வீட்டு அண்ணன் மரம் அறுக்குற மிஷினோட ஆளக் கூட்டியாந்துட்டாரு. அவரு வீடு கட்ட வர்ற மணல் லாரிக்கு நம்ம கிளை தட்டுதாம். வெரசா வாங்க."

ஜீப்பு வளைவு வளைவாக இறங்க, வெக்கை முகத்தில் அடித்தது. போனில் சிக்னல் இல்லை. டிரைவர் ஏலக்காய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவர் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்று வண்டி எடுத்தவரே அவர்தான். அதனால் திட்டவும் முடியவில்லை.

தெருமுனையில் லாரி நின்றது. மிஷின் சத்தம் கேட்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் ஓடினேன்.

கிளை இருந்தது. அது தெருப்பக்கம் நீண்ட இடத்தில் சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள் மனைவி. மிஷின்காரர் அதே நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளைய எடும்மா, லாரிக்காரன் கத்துறான்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"இப்பத்தாண்ணே கண்ணசந்துச்சு. முழிச்சதும் எடுத்துக்கிறேன்."

"எப்ப முழிக்கும்?"

"அத நான் எப்படிண்ணே சொல்ல?"

அவள் குரல் சாதாரணமாக இருந்தது. தொட்டிலை இன்னொரு தரம் ஆட்டிவிட்டாள்.

நான் அவர் வீட்டு வாசலில் கிடந்த கூடையை எடுத்தேன். "மணல முனையிலயே கொட்டச் சொல்லுங்கண்ணே. நான் சுமக்குறேன்."

பொழுது சாயும்வரை சுமந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கூடை தூக்கினார்.

எல்லாரும் போன பிறகு தொட்டிலை அவிழ்க்கப் போனேன்.

"கெடக்கட்டும். நாளைக்கு ஜல்லி வருதாம்" என்றாள். "நீங்க மலைக்குப் போங்க. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் காலையில் ஜீப்புக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். நான் கூடையோடு தெருமுனையில் நின்றேன்.