வாடிராசாவின் வக்கீல்

மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. வாசலில் ஒரு பலகை: 'பிரியம்வதா, வழக்கறிஞர், அறிவுசார் சொத்துரிமை'. பலகையைப் படித்துவிட்டுப் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்காரர்கள்.

"நான் அந்தக் கேஸ் பாக்குறதில்லண்ணே. உங்க கடைப் பேரை, சரக்குப் பேரை எவனாச்சும் திருடினா வாங்க" என்பாள்.

"பேரத் திருடுனா கேஸ் போடலாமா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்கள்.

பத்து வருடமாக இந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்னால் கேட்ட ஒரு சிரிப்புதான் அவளுக்கு ஆறாமல் இருந்தது.

சென்னையில் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் ஆறு வருடம் இருந்தாள். நாட்டின் முன்னணி நிறுவனங்கள் என்று ஆண்டுதோறும் வெளியாகும் பட்டியலில் அதன் பெயர் இல்லாத வருடம் கிடையாது. அங்கே அவளுடைய சீனியர் விஸ்வநாத். இரவு பகலாக அவள் எழுதிய வாதங்களை அவர் தம்முடைய கணீர்க் குரலில் பேசி ஜெயிப்பார். மாலை அவருக்கு விழும். பசுமலையில் அவளுடைய அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது, மதுரையிலிருந்தே நிறுவனத்தின் வேலையைப் பார்க்கட்டுமா என்று அவரிடம் கேட்டாள்.

"மதுரையில யாருக்கும்மா ட்ரேட்மார்க்? காளைமாட்டுக்கா?" என்றார் விஸ்வநாத்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அன்று மாலையே ராஜினாமாக் கடிதத்தை வைத்துவிட்டுப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினாள். மதுரையில் இறங்கியதும் அப்பாவைப் பார்த்தாள். மறுநாள் அந்தப் பலகைக்கு ஆர்டர் கொடுத்தாள்.

ஒரு நாள் அந்தப் படியேறி முனீஸ்வரி வந்தாள். அவனியாபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரி. ஐம்பது வயதைத் தாண்டிய திடமான பெண்பிள்ளை. கூடவே அவள் புருஷன் காசிமாயன், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"வக்கீலம்மா, இத வாசிச்சுச் சொல்லுங்க. ஊர்ல வாத்தியாரு ரெண்டு வரி வாசிச்சிட்டு, எனக்கு வேர்க்குதுன்னு எந்திரிச்சிப் போயிட்டாரு."

கெட்டித் தாளில் எட்டுப் பக்க நோட்டீஸ். மேலே அந்தச் சென்னை நிறுவனத்தின் பெயர். பிரியம்வதா வாசித்தாள். மூன்றாவது பத்தியில் அவள் விரல் நின்றுவிட்டது. 'எங்கள் கட்சிக்காரரின் நற்பெயரின் நிழலில் ஒதுங்கிப் பிழைக்கும் நோக்கத்துடன்' என்று அதில் இருந்தது. அது அவள் எழுதிய வாக்கியம். நோட்டீஸ்களுக்கென்று அவள் தயாரித்துக் கொடுத்த அச்சு வாசகம், இத்தனை வருடம் கழித்து அவளுடைய கட்சிக்காரியின் கழுத்துக்கே வந்திருந்தது.

விஷயம் இதுதான். முனீஸ்வரி ஜல்லிக்கட்டுக் காளைகளுக்குத் தீவனம் அரைத்து விற்கிறாள். பருத்திக்கொட்டை, உளுந்தம்பொட்டு, பேரீச்சை, இன்னும் அவள் யாருக்கும் சொல்லாத இரண்டு சாமான்கள். தீவனத்தின் பெயர் 'வாடிராசா'. அவள் வளர்த்து, வாடிவாசல்களில் பேர் வாங்கிச் செத்துப்போன காளையின் பெயர். மேற்கே பெரிய தீவனக் கம்பெனி ஒன்று 2016-இல் அதே பெயரில் மூட்டை போட்டு, பெயரைப் பதிவும் செய்துவிட்டது. இப்போது அந்தப் பெயரை முனீஸ்வரி விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் வழக்கு.

"அக்கா, பயப்படாதீங்க. யாரு முதல்ல பதிஞ்சாங்கங்கிறத விட, யாரு முதல்ல அந்தப் பேர்ல வித்தாங்கங்கிறதுதான் பெருசு. நீங்க எப்பலேர்ந்து விக்கிறீங்க?"

"காளை இருந்தப்பவே. பதினொண்ணு, பன்னெண்டுலேர்ந்து."

"பில்லு?"

"தொழுவத்துல படியில அளந்து குடுத்தா பில்லு எதுக்கு? அவன் மாடு தின்னா எனக்குத் தெரியாதா?"

நோட்டீஸின் கடைசிப் பக்கத்தில் ஒரு இணைப்பு இருந்தது. 2019-இல் முனீஸ்வரியும் பெயரைப் பதிய விண்ணப்பித்திருக்கிறாள். 'எப்போதிலிருந்து பயன்பாட்டில் உள்ளது' என்ற இடத்தில், 'இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறேன்' என்று போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தாள். முதலில் விற்றவள் இவள் என்ற வாதத்தை இந்தக் கையெழுத்தே வெட்டியது.

"இத ஏன்க்கா இப்பிடி எழுதுனீங்க?"

"கம்ப்யூட்டர் சென்டர்ல அந்தப் பொண்ணு, கடை ஆரம்பிச்சாச்சான்னு கேட்டுச்சு. அப்பதான் ரோட்டு மேல கட்டடம் ஏறிக்கிட்டிருந்துச்சு. தை பொறந்துதான் பால் காய்ச்சணும்னு நாள் குறிச்சிருந்தோம். பால் காய்ச்சாம ஆரம்பிச்சாச்சுன்னு எப்பிடித்தா சொல்றது? வாய் கூசாதா?"

எட்டு வருடம் படியில் அளந்து விற்றவள், அடுப்பில் பால் பொங்காததால் இன்னும் தொடங்கவில்லை என்று சத்தியமாக நம்பியிருக்கிறாள். எந்தச் சட்டப் புத்தகத்தில் இதற்கு இடமிருக்கிறது?

வழக்கு வந்தது. மதுரை நீதிமன்றத்திலேயே போட்டார்கள். முதல் வாய்தாவுக்கு முந்திய நாள் பிரியம்வதாவின் செல்பேசி அடித்தது. அந்தக் கணீர்க் குரல்.

"பிரியம்வதா, எப்படி இருக்க? உன் கிளையண்ட் ஒரு உறுதிமொழியில கையெழுத்துப் போடட்டும். பேரை மாத்திக்கட்டும். நாங்க நஷ்டஈடு எதுவும் கேக்கலை. அந்த விண்ணப்பம் இருக்கிற வரைக்கும் இது நிக்காதுன்னு உனக்கே தெரியும்."

"கேட்டுச் சொல்றேன் சார்."

உண்மையில் அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டு அவனியாபுரம் வந்து, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்துக் கிராமத்துக்குப் போனாள். வழியெல்லாம் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. தோற்றாலும் பரவாயில்லை என்று நினைக்க அவளுக்கு உரிமை இல்லை. தோற்றால் பறிபோவது முனீஸ்வரியின் பெயர். தொழுவத்துக் கட்டிலில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னாள். கையெழுத்துப் போட்டுவிடுவது பத்திரம் என்றும் சொன்னாள்.

காசிமாயன்தான் வாயைத் திறந்தார். "கல்யாண ரெஜிஸ்டர்லயே இவ ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போட்டவ. ஆளத் தெரியாம கேக்குறீங்க."

முனீஸ்வரி எழுந்து உள்ளே போனாள். சுவரில் மாலை போட்ட காளையின் படத்துக்குப் பின்னாலிருந்து லேமினேட் செய்த இரண்டு தாள்களை எடுத்து வந்தாள்.

"நான் கோர்ட்டு ஏறாதவ இல்ல வக்கீலம்மா. பதிமூணாம் வருசம் இவன் செத்தப்ப கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சு ஒட்டுனோம். மனுசனுக்கு ஒட்டுறாங்க, என் புள்ளைக்கு ஒட்டக் கூடாதா? பள்ளிக்கூடச் சுவத்துலயும் ஒட்டிட்டாய்ங்க பயலுக. போலீஸ்ல கேஸ் போட்டு, ஒண்ணு விடாம கிழிச்சிட்டாங்க. ஏட்டையா, தெரியாம ஒட்டிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போன்னாரு. தெரிஞ்சுதான் ஒட்டுனேன், தெரியாமன்னு எழுத மாட்டேன்னுட்டேன். ஜட்ஜையா அபராதம் போட்டாரு. கட்டிட்டேன். கட்டிட்டு இதுக்கு நகல் வாங்கிட்டு வந்தேன்."

"எதுக்கு நகல்?"

"போஸ்டர் ஒண்ணு கூட மிஞ்சல. அவனுக்கு நாங்க எழுதுன எழுத்து இந்த உலகத்துலயே இதுல மட்டுந்தான் இருக்கு. வருசா வருசம் அவன் செத்த நாளுல இதத்தான் படத்துக்கு முன்னாடி வாசிப்போம்."

பிரியம்வதா தாள்களை வாங்கினாள். குற்றப்பத்திரிகை. அந்த ஏட்டு, சுவரொட்டியின் வாசகத்தை ஒரு எழுத்து விடாமல் எழுதிவைத்திருந்தார்.

'கண்ணீர் அஞ்சலி. பன்னிரண்டு வாடி இறங்கி எவர் கைக்கும் சிக்காத எங்கள் பிள்ளை வாடிராசா மறைந்தான். அவன் தின்று வளர்ந்த வாடிராசா தீவனம் எப்போதும்போல் தொழுவத்தில் கிடைக்கும். கண்ணீருடன், காசிமாயன், முனீஸ்வரி.'

கீழே தேதி, 2013. நீதிமன்ற முத்திரை.

அவளுக்குக் கண் மறைத்தது. எழுத்துகள் கலங்கிக் கலங்கித் தெரிந்தன. கம்பெனி அந்தப் பெயரில் மூட்டை போடுவதற்கு மூன்று வருடம் முன்னால், கிழிக்கப்பட்ட அந்த அஞ்சலியை அரசாங்கமே எழுதிக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

செல்பேசியை எடுத்தாள். "சார், கையெழுத்து இல்லை. கோர்ட்ல பார்ப்போம்."

சாட்சிக் கூண்டில் முனீஸ்வரி ஏறிய நாளில் விஸ்வநாத் காலை விமானத்தில் வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் மூன்று ஜூனியர்கள், சக்கரம் வைத்த நான்கு பெட்டிகள். இந்தப் பக்கம் பிரியம்வதா ஒருத்தி, கையில் ஒற்றைக் கட்டு. தாள்களின் நகலை முறைப்படி முன்பே தாக்கல் செய்திருந்தாள். விஸ்வநாத் அதை ஒரு பழைய சில்லறை வழக்கு என்று தள்ளிவிட்டு, விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாங்கய்யா."

"2019-இல், இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறேன் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆமாவா, இல்லையா?"

"ஆமா. அப்ப பால் காய்ச்சல."

விஸ்வநாத் புருவத்தை உயர்த்தினார். "நான் பாலைப் பற்றிக் கேட்கவில்லை. தீவனத்தைப் பற்றிக் கேட்கிறேன்."

"நானும் தீவனத்தத்தான்யா சொல்றேன்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஜூனியர்களில் ஒருவன் குனிந்துகொண்டான்.

"ஆமா, இல்லை என்று மட்டும் பதில் சொன்னால் போதும்."

நீதிபதி பேனாவை வைத்தார். "அவங்க சொல்லட்டும். பால் காய்ச்சலைன்னா என்னம்மா?"

முனீஸ்வரி நீதிபதியைக் கும்பிட்டுவிட்டு, விஸ்வநாத் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க வீடு கட்டியிருப்பீங்க. கொல்லம்பட்டறை மாதிரி சத்தம் கேட்டுக்கிட்டே, மேல் வேல முடியாம, ஓரமா ஒரு ரூம்புல படுத்துக்கூட இருந்திருப்பீங்க. குடிவந்தாச்சான்னு யாராச்சும் கேட்டா, என்ன சொல்லியிருப்பீங்க? இன்னும் பால் காய்ச்சலன்னுதான சொல்லுவீங்க. அதுக்காக அதுவரைக்கும் அது அடுத்தவன் வீடா?"

சாட்சி தன்னைக் கேள்வி கேட்கக் கூடாது என்று ஆட்சேபிக்க வாயெடுத்த விஸ்வநாத், நீதிபதி எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

பிரியம்வதா எழுந்தாள். குறுக்கு விசாரணைக்குப் பிறகு தன் சாட்சியிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "2013-இல் உங்கள் மேல் போட்ட வழக்கின் குற்றப்பத்திரிகை இது. உங்கள் சுவரொட்டியில் இருந்ததாகப் போலீஸ் எழுதியதை நீதிமன்றத்துக்கு வாசித்துக் காட்ட முடியுமா?"

முனீஸ்வரி தாளைக் கையில் வாங்கவில்லை. அவளுக்கு அது மனப்பாடம். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். முதல் வரி திடமாக வந்தது. 'எங்கள் பிள்ளை' என்ற இடத்தில் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தீவனம் தொழுவத்தில் கிடைக்கும் என்ற வரியை மட்டும் நிமிர்ந்து, கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள்.

ஏழு வாரம் கழித்துத் தீர்ப்பு. கம்பெனியின் வழக்கு தள்ளுபடி. விண்ணப்பத்தில் எழுதியதற்குப் பிரதிவாதி தந்த விளக்கம் இந்த ஊர் வழக்கத்தோடு பொருந்துகிறது. கம்பெனிக்கு முன்பிருந்தே அவர் அந்தப் பெயரில் விற்று வருவதற்கு நீதிமன்ற ஆவணமே சான்று என்று நீதிபதி எழுதியிருந்தார்.

வராந்தாவில் விஸ்வநாத் நின்றார். "நல்லாப் பண்ணின. சென்னைக்கு வந்துடேன். உன் பேரையே போர்டுல போடச் சொல்றேன்."

"போர்டு இங்க இருக்கு சார். பத்து வருஷமா இருக்கு" என்றாள் பிரியம்வதா. ஓரடி நடந்தவள் திரும்பினாள். "அன்னைக்குக் கேட்டீங்களே சார், மதுரையில காளைமாட்டுக்கா ட்ரேட்மார்க்னு. ஆமா சார். காளைமாட்டுக்குத்தான்."

அடுத்த வாரம் முனீஸ்வரி ஒரு சுருட்டிய தாளோடு படியேறி வந்தாள். மேசையில் விரித்தாள். சுவரொட்டி. நடுவே திமிலை நிமிர்த்தி நிற்கும் வாடிராசா. பெயர் எங்களுடையது என்று நீதிமன்றம் சொன்னது, ஊருக்கும் வக்கீலம்மாவுக்கும் நன்றி என்று எழுதியிருந்தது. ஓரத்தில், தீர்ப்புச் செய்தியோடு வந்த பத்திரிகைப் படத்திலிருந்து வெட்டியெடுத்த பிரியம்வதாவின் முகம், காளையின் முகத்தைவிடச் சின்னதாக.

"நல்லாருக்குக்கா. எம்புட்டு அடிச்சிருக்கீங்க?"

"ஐநூறு. அம்புட்டும் காலைலயே ஒட்டியாச்சு."

"பள்ளிக்கூடச் சுவத்துல ஒட்டலயே? மறுபடி கேஸ் போடப் போறாங்கக்கா."

"அங்கதான் முதல்ல ஒட்டச் சொன்னேன்" என்றாள் முனீஸ்வரி. "போடட்டும். ஏட்டையா மறுபடி எழுதட்டும். நாளப்பின்ன இன்னொருத்தன் நோட்டீஸ் விட்டா, எனக்கு இன்னொரு நகல் வேணுமில்ல."