மூன்று தமிழர் உட்கார்ந்த மேசை

ஹென்டர்சன் புறநகரில் ஒரு பப்பின் பின்னறையில் ஞாயிறு மதியங்களில் போக்கர் போட்டி நடக்கும். வாரமெல்லாம் பிறர் முதுகையும் முழங்காலையும் பிடித்துச் சரிசெய்கிற வேலை எனக்கு. ஒரு மதியமாவது என் கை சீட்டைப் பிடிக்கட்டும் என்று போவேன்.

நான் மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவள். அம்மா சீனர், வீட்டில் பேசியது தமிழ்தான். பார்க்கிறவர்கள் என்னைப் பிலிப்பினோ என்றே நினைப்பார்கள். அன்று எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு தமிழ்நாட்டு இளைஞர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவன் பொரித்த கோழியைத் தின்றுவிட்டு, விரலை நக்கி, அதே விரலால் சீட்டைப் பிரித்துக் கொடுத்தான். எனக்கு வந்த சீட்டுகளிலெல்லாம் அவன் எண்ணெய்.

பந்தயத்துக்கு வைக்கிற வில்லைகளான சிப்ஸ் என்னிடம் குறைந்துகொண்டே வந்தது. பிளைண்ட் என்று முறைவைத்துக் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம் ஒன்று உண்டு. நேரம் போகப்போக அது ஏறும். நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருந்தால் அதுவே நம்மைத் தின்று தீர்த்துவிடும். எதிராளி யோசித்துப் பின்வாங்கும் அளவுக்காவது கையில் இருக்கும்போதே மொத்தத்தையும் தள்ளிவிட வேண்டும். இந்தச் சுற்றுக்குள் தள்ளிவிடுவது என்று முடிவுசெய்தேன்.

என் முறையில் ஏஸும் ஏழும் வந்தன. எனக்கு முன்பே கோழி தின்றவன் பந்தயத்தை ஏற்றினான். ஏற்றிவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம் தமிழில் சொன்னான்: “கைல குப்பைதான். நீ விட்டுடு, நான் பாத்துக்கறேன்.” அவனும் சீட்டைப் போட்டுவிட்டான். மற்றவர்கள் சுவர் டிவியில் ஓடிய ரக்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மொத்தத்தையும் தள்ளுவது அவ்வளவு நேரம் பொறுத்துப் பொறுத்து நானாக எடுத்த முடிவு. இவன் கை குப்பை என்று காதில் விழுந்துவிட்டதில், அதன்மேல் இவன் எச்சில் பட்டுவிட்டது. அதற்காக ஏஸைத் தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. எல்லாவற்றையும் நடுவே தள்ளினேன்.

அவன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு நண்பன் பக்கம் திரும்பினான். “இது பயத்துல வெச்சிருக்கு. நானும் அவ்வளவு வெச்சுப் பாக்கவா?”

“தம்பி, ஆட்டம் நடக்கறப்ப சீட்டப் பத்திப் பேசக்கூடாது” என்றேன் தமிழில்.

அவன் முகம் வெளிறியது. சீட்டைக் கவிழ்த்தான். சிப்ஸ் என் பக்கம் வந்தது.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். இடைவேளையில் ஒரு காபியோடு வந்து நின்றான். நான் தமிழ் என்று முன்பே சொல்லியிருக்கலாமே என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “நம்மாளுங்க மூணு பேர் இருக்கோம் அக்கா. நமக்குள்ள மோதிக்க வேணாம். மத்தவங்கள வெளிய அனுப்பிட்டு அப்புறம் பாத்துக்கலாம்.”

சற்று முன்புவரை நான் ‘இது’. இப்போது அக்கா. கூட்டுத் திருட்டுக்கு ஆள் சேர்க்க எங்கள் மொழிதான் அவனுக்குக் கிடைத்தது. காபியை வாங்காமல், போட்டி நடத்தும் பெண்மணியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இனி மேசையில் ஆங்கிலம் மட்டும்தான், இன்னொரு தரம் நடந்தால் வெளியேதான் என்று அவர் இருவரையும் எச்சரித்தார். அதன்பின் அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், ஏதோ நான்தான் ஏமாற்றியவள்போல ஒரு வெறுப்பு.

நல்ல சீட்டு பிறகு வரவே இல்லை. சிப்ஸ் மறுபடி கரைந்தது. கிங்கும் குயினும் கிடைத்தபோது இனிக் காத்திருக்க முடியாது என்று தள்ளினேன். பஸ் ஓட்டும் சமோவாக்காரர் ஒருவர் நிதானமாக யோசித்து, இரண்டு பத்துகளோடு எதிர்த்து வந்தார். நடுவே திருப்பிய சீட்டுகளில் எனக்கு உதவுவது எதுவும் விழவில்லை, என் ஆட்டம் முடிந்தது. அவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். அந்தத் தோல்வியில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கோழி தின்றவன் தலையைத் தூக்காமலே தமிழில் சொன்னான்: “நாங்க சொன்னதக் கேட்டிருந்தா இன்னும் உக்காந்திருப்பீங்க, அக்கா.”

உண்மைதான், உட்கார்ந்திருப்பேன். ரயில் நிலையம் போய்ச் சேரும்வரை அந்த ‘அக்கா’தான் காதில் பிசுபிசுத்தது.