மெடிசினுக்குப் போன அப்பா

செங்கலடிச் சந்திக்குக் கிட்ட அப்பாவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கராஜ் இருந்தது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள்தான். செயின் கழன்றாலும் வருவார்கள், பெற்றோல் தீர்ந்தது தெரியாமல் எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டும் வருவார்கள். அப்பா ஒவ்வொரு சாமானாகக் கழற்றிச் சாக்கின் மேல் பரப்பி அவர்களுக்கே காட்டுவார். "பிரிச்சுப் பார்க்காம ஒண்டும் விளங்காது" என்பது அவருடைய மந்திரம். அரசியல், சமையல், அம்மாவின் கோபம் எல்லாவற்றுக்கும் அதையே சொல்வார். அம்மாவின் கோபத்தை மட்டும் அவர் ஒருநாளும் பிரித்துப் பார்க்கத் துணியவில்லை.

நெஞ்சு வருத்தம் வந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, காலையில் மருத்துவ பீட மாணவர்கள் கட்டிலைச் சூழ்ந்து நிற்பார்கள். ஒருவர் மாறி ஒருவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பார்கள். பக்கத்துக் கட்டில்காரர் அவர்களைக் கண்டதும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். அப்பாவோ போட்டிருந்த சேட்டைத் தானே கழற்றிவிட்டு, "வாங்க, கேளுங்க. எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்குது" என்று கூப்பிடுவார். ஒரு மாணவன் ஸ்டெதஸ்கோப்பை வைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வைத்தான். "புத்தகத்தில இரிக்கிறது வேற, கையில படுறது வேற, என்ன தம்பி?" என்றார் அப்பா. அவன் வெட்கப்பட்டுத் தலையாட்டினான். அன்று முழுக்க அப்பா அந்தப் பையனைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேறியதும், தான் இறந்த பிறகு உடம்பை மாணவர்கள் படிப்பதற்குக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ பீடத்துக்கே போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். எங்களிடம் கேட்கவில்லை. முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"எட்டாம் வகுப்போட நிண்டவன். சோதினை எழுதாம, இசட் ஸ்கோரும் எடுக்காம மெடிசினுக்குப் போற முதல் ஆள் நான்தான்."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. குசினிக்குள் போய்ச் சட்டி பானையை உருட்டத் தொடங்கினார்.

அடுத்த வருடம் அப்பா போய்விட்டார். எங்கள் பக்கத்தில் புதைப்பதுதான் வழக்கம். தன்னாமுனையில் எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, பறையும் அடித்து, குழி மட்டும் இல்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? "எரிக்கிறதும் இல்ல, குழியில தாக்கிறதும் இல்ல, இதென்ன செத்தவீடு?" என்று மாமா என்மேல் பாய்ந்தார். அவரை நான் பொருட்படுத்தவில்லை. வாயாலேயே வண்டி ஓட்டுகிறவர். அம்மாவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் அப்பாவின் காலடியில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"குழி இல்லாட்டி நான் எங்க போய் அழுறது? சொல்லுகா மகள்."

 என்னிடம் அப்பாவின் கையெழுத்து இருந்தது, அவ்வளவுதான். ஒரே பிள்ளை நான். நான் 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பீடத்தில் யாரும் வற்புறுத்தியிருக்க மாட்டார்கள். நான் சொல்லவில்லை. வாழ்நாளில் அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். அம்மா வாசலோடு நின்றுகொண்டார். நான் வண்டியில் ஏறி அப்பாவோடு போனேன்.

அங்கே எழுந்து நின்று மரியாதையாகத்தான் பொறுப்பேற்றார்கள். மாணவர்களுக்குப் பெயர், ஊர் எதுவும் சொல்லப்படாது, இலக்கம் மட்டும்தான் என்று பொறுப்பான அலுவலர் விளங்கப்படுத்தினார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வெயிலில் நின்று வாய்விட்டு அழுதேன்.

அம்மா அழவே இல்லை. எட்டாம் நாள் சடங்கு செய்தோம், படையல் வைத்தோம், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. என்னோடு பேச்சும் "சோறு இரிக்கு" என்ற அளவுக்குச் சுருங்கியது. தெருவால் யாருடைய பிரேதமாவது போனால் எழுந்து கதவைச் சாத்திக்கொள்வார். அவர் என்னைத் திட்டித் தீர்த்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இப்படியே உள்ளுக்குள் இறுகிப்போவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு மாரி கழிந்து, மூச்செடுக்க முடியாமல் அம்மாவையும் வார்டில் சேர்த்தோம். மறுநாள் காலை வெள்ளைக் கோட்டுகள் வந்தன. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"என்னில படிச்சுப் பழக வேணாம். எங்கட வீட்டில ஒராளைக் குடுத்தது போதும்."

மற்றவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்கள். வெள்ளை முக்காடு போட்ட ஒரு பிள்ளை மட்டும் நின்றாள்.

"ஆரைக் குடுத்தீங்க அம்மா?"

"எங்கட மனிசனை. உங்கட இடத்துக்குத்தான்."

அவள் என்னிடம் வருடத்தைக் கேட்டாள். சொன்னேன். அவள் குரல் தணிந்தது. "நாங்க அப்பதான் வந்த புதுசு. எங்களுக்குப் பேர் சொல்றதில்ல அம்மா. ஐயா எண்டுதான் சொல்லுவம்."

நான் அப்பாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டித் தடுத்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் புருஷனின் பெயரைச் சொன்னவரில்லை. தன் காது கேட்க மற்றவர் சொல்வதையும் அன்று விரும்பவில்லை. மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"வலது தோள்ல, எலும்போட ஒட்டி ஒரு செல் பீஸ் இரிக்கும் புள்ள. சண்டைக் காலத்தில செல் வெடிச்சுப் பட்டது. எடுத்தாக் கை வழங்காமப் போயிரும் எண்டு டொக்டர்மார் விட்டவங்க. கண்டீங்களா?"

அந்தப் பிள்ளை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் படிச்ச மேசை இல்ல அம்மா. பக்கத்து மேசை. எங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினவங்க. இதோட இந்த மனிசன் என்ன வேலை செஞ்சிருப்பார் எண்டு படிப்பிக்கிற சேர் கேட்டார். ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல்ல."

"மெக்கானிக்" என்றார் அம்மா. "அந்தக் கையாலதான் ஸ்பனர் பிடிச்சவர். மழை துவங்கினா தோள் நோவு தாங்கமாட்டார். விடிய விடியத் தைலம் போட்டுத் தேய்ப்பன்." பிறகு கேட்டார்: "இப்பவும் அது உள்ளுக்குள்ளயா கிடக்கு?"

"இல்லம்மா. எடுத்திட்டம்."

"எடுத்திட்டீங்களா?"

"ஓம் அம்மா. முழுசா எடுத்தாச்சு."

அம்மா அவளுடைய வெள்ளைக் கோட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். செத்தவீட்டில் அழுவதைப் போலக் குரலெடுத்து அழுதார். வார்டே திரும்பிப் பார்த்தது. நான் தடுக்கவில்லை. அந்தப் பிள்ளையும் விலகிப் போகவில்லை.