இரண்டு முறை வந்த வாரம்

முப்பத்தோரு ஆண்டுகள் குடிநீர் வாரியத்தின் தபால் பிரிவில் எழுத்தராக இருந்தவர் அவர். வந்த கடிதத்துக்கு எண் போட்டார், போன கடிதத்துக்கு முத்திரை குத்தினார், இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதில் ஒருபோதும் தலையிடாமல் கௌரவமாக ஓய்வு பெற்றார். இப்போது தெருவில் அவருக்குச் 'சுருள் சார்' என்று பெயர். ஓய்வு பெற்ற ஏழாம் நாள் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கிய பைண்டிங் மெஷின்தான் அதற்குக் காரணம்.

பார்க்கச் சின்னத் தையல் மெஷின் மாதிரி இருக்கும். தூக்கினால்தான் கனம் தெரியும். இடது பக்கக் கைப்பிடியை இழுத்தால் தாளின் ஓரத்தில் முப்பத்து நான்கு சதுர ஓட்டைகள் வரிசையாக விழும். அதில் கம்பிச் சுருளைக் கோத்து வலது பக்கக் கைப்பிடியை அழுத்தினால் சுருள் வாயை மூடிக்கொள்ளும். ஒருமுறை மூடியதைப் பிரித்தால் கம்பி கோணிக்கொள்ளும், மறுபடி சரியாக மூடாது. அந்தக் குணத்துக்காகவே அவருக்கு மெஷினைப் பிடித்துப்போனது. ஆபீசில் அவர் மூடிவைத்த ஃபைல்களை யாராவது திறந்துகொண்டே இருந்தார்கள்.

மனைவி இந்தப் புதுவரவை ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார். பிறகு சதுரத் துணுக்குகள் தலையணை உறைக்குள்ளும் தயிர்ப் பாத்திரத்திலும் தென்பட ஆரம்பித்தன.

"வீட்டுக்கு ரெண்டாந்தாரம்னு ஒருத்திய கூட்டிட்டு வந்திருந்தாகூட, அவ பாத்திரமாவது கழுவியிருப்பா," என்றார்.

மனைவிக்கும் ஒரு பிளானர், அதாவது நாளுக்கொரு பக்கமாகத் திட்டம் எழுதும் புத்தகம், பைண்டு செய்து கொடுக்கப்பட்டது. 'இன்றைய முக்கிய இலக்கு' என்ற கட்டத்தில் ஐந்து நாட்கள் தொடர்ந்து 'குப்பை பொறுக்குதல்' என்று எழுதிவிட்டு, ஆறாம் நாளிலிருந்து இலக்கில்லாமல் வாழ ஆரம்பித்தார். எதிர்வீட்டு டெய்லருக்கு ஒன்று போனது. அவர் அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். மாடியில் குடியிருந்த நர்சு தன்னுடையதைப் பிரிக்காமலே யாருக்கோ கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார். சுருள் சாரின் படைப்புகளுக்கு உலகத்தில் ஒரே ஒரு வாசகர்தான் அமைந்தார். அது அவருடைய அக்கா.

அக்காவுக்கு எழுபத்தொன்று. டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தவர். கணவர் போன பிறகு, இரண்டு தெரு தள்ளி இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். ஓராண்டாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. அடுப்பில் வைத்த பால் இரண்டு முறை கரியானது. ஒருநாள் கடைக்குப் போனவர், வாங்கப் போனதை விட்டுவிட்டு வேறு யாருடைய குடையோடோ திரும்பி வந்தார். குடை நல்ல குடைதான். ஆனால் மகன் அதைத்தான் கடைசி அத்தாட்சியாக எடுத்துக்கொண்டான்.

மகனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிடும் வேலை. கண்ணாடி உடைந்த கார், தீப்பிடித்த கடை, தண்ணீர் புகுந்த கிடங்கு என்று நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, முழுசாக இருக்கும் எந்தப் பொருளின் மீதும் நம்பிக்கை இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் அழைத்து அம்மாவின் முன்னறையில் உட்கார்ந்தான்.

"மாமா, அம்மா இனிமே தனியா இருக்கறது சரிப்படாது. முதியோர் இல்லம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். கட்டிலுக்குப் பக்கத்துல பெல் இருக்கு. பாத்ரூம்ல புடிச்சுக்க கம்பி இருக்கு."

"நம்ம வீட்லயும் கம்பி போட்டுக்கலாம்ப்பா."

"கம்பின்னாலே உங்களுக்குச் சந்தோஷம் வந்துரும்."

"ரெண்டு பேரும் என்னைப் பத்திப் பேசி முடிச்சதும் ஒரு குரல் குடுங்க," என்றார் அக்கா. "நானும் வந்து கலந்துக்கறேன்."

கடைசியில் ஒப்பந்தம் ஒன்று உருவானது. மூன்று மாதம் அக்கா தனியாக இருக்கலாம். மூன்றாம் மாதம் பதினேழாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணிக்கு ஞாபக மறதி டாக்டரிடம் பரிசோதனை. அங்கே அவர் தானாகக் கிளம்பி வந்து சேர வேண்டும். யாரும் போன் செய்து நினைவூட்டக் கூடாது. வந்துவிட்டால் வீடு அவருக்கு. வராவிட்டால் இல்லம்.

"நான் பொறுப்பு," என்றார் சுருள் சார். தபால் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தை அது. "நாளுக்கு ஒரு பக்கம். மாத்திரை, சாப்பாடு, யாருக்கு போன் பண்ணணும், எங்க போகணும், எல்லாம் அச்சுல இருக்கும். அக்கா டிக் பண்ணிட்டே போனா போதும்."

அன்றைக்கே சுருள் சார், அக்கா வீட்டுச் சுவரில் இருந்த காலண்டரைத் தம் கையாலேயே கழற்றினார். "ரெண்டும் இருந்தா எதைப் பாக்கறதுன்னு குழம்பும்," என்றார். தம்பி சொன்னால் அக்காவுக்கு மறுபேச்சு கிடையாது.

முதல் இரண்டு மாதங்கள் ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. அக்கா தினமும் அன்றைய பக்கத்தை வாழ்ந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் கம்பியைச் சுற்றிப் பக்கத்தைத் திருப்பி வைப்பார். காலையில் எது திறந்திருக்கிறதோ அதுதான் அன்றைய நாள். அக்கா மகனான மருமகனுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

சுருள் சார் வேலை செய்யும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். மெஷின் ஒரு இழுப்பில் பத்துத் தாள் தாங்கும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. எட்டாவது தாளிலேயே அது முக்கும் என்பது அனுபவம் சொன்ன பாடம். ஆகவே ஏழு தாள், ஒரு வாரம், ஒரு இழுப்பு. ஓட்டை பிசகி ஓரம் கிழிந்தால் முழு வாரமும் வீணாகிவிடுமே என்று, ஒவ்வொரு வாரத்துக்கும் உபரியாக ஒரு பிரதி எடுத்து அதற்கும் ஓட்டை போட்டுத் தனியாக வைப்பார். அரசாங்க வேலை பார்த்த கை. நகல் இல்லாமல் அதற்குத் தூக்கம் வராது. கிழமையைப் பெரிய எழுத்திலும் தேதியை மூலையில் சின்ன எழுத்திலும் போட்டது அவருடைய அழகுணர்ச்சி.

மூன்றாம் மாதப் புத்தகத்துக்குத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பெருக்குவதற்காகக் கட்டிலை நகர்த்தித் தரச் சொல்லி மனைவி கூப்பிட்டார். நகர்த்திக் கொடுத்துவிட்டு வந்து, எட்டிலிருந்து பதினான்கு வரையிலான வாரத்தின் மேல் அதே வாரத்தின் உபரியையும் வைத்து, மற்ற வாரங்களை அடுக்கி, கம்பியைக் கோத்து, கைப்பிடியை அழுத்தினார். எண்ணிப் பார்க்கவில்லை. அத்தனை ஆண்டுகள் எண் போட்டவருக்கு எண்ணிப் பார்ப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றியிருக்கலாம்.

இப்படியாக, பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை காலை அக்கா எழுந்தபோது, புத்தகம் திங்கட்கிழமை என்றே சொன்னது. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் திங்கட்கிழமை என்றுதான் சொல்லியிருப்பார்கள். மூலையில் மட்டும், கண்ணாடி போட்டால் தெரிகிற அளவில், எட்டு என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை அக்கா, மகனின் மாமியாரான சம்பந்தியம்மாவுக்கு போன் செய்து பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார். போன செவ்வாயும் சொல்லியிருந்தார். சம்பந்தியம்மா மரியாதை தெரிந்தவர். இரண்டாம் முறையும் நன்றி சொல்லிவிட்டு, உடனே மகளுக்கு போன் செய்தார்.

புதன்கிழமைப் பக்கத்தில், 'காலையில் ஒன்றும் சாப்பிட வேண்டாம், ஒன்பது மணிக்கு ரத்தப் பரிசோதனை' என்று இருந்தது. அக்கா ஒன்றும் சாப்பிடவில்லை.

ஞாபக மறதி டாக்டரின் வராந்தாவில் மாமாவும் மருமகனும் பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். பத்தரைக்கு மருமகன் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றுக்கு மாமா வாசல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பஸ் கெடச்சிருக்காது," என்றார்.

"மாமா, பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகுது. நானே எண்ணிட்டு இருக்கேன்."

பதினொன்றரைக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து போன் வந்தது. பெரியம்மா பெஞ்சிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார்கள், இப்போது குளுக்கோஸ் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம் என்றாள் அங்கிருந்த பெண். "போன புதன்தான் எடுத்தோம்னு நாங்க சொல்லிப் பாத்துட்டோம் சார். புக்கைக் காட்டி, எடுத்தாத்தான் போவேன்னு உக்காந்துட்டாங்க."

அன்று மதியம் மூவரும் அக்காவின் முன்னறையில் இருந்தார்கள். சுருள் சார் புத்தகத்தை மடியில் வைத்துப் பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினார். புதன், செவ்வாய், திங்கள். அப்புறம் ஞாயிறு, பதினான்கு. அப்புறமும் திருப்பினார். சனி, வெள்ளி, வியாழன். புதன், பத்து. இரண்டு புதனிலும் 'ஒன்றும் சாப்பிட வேண்டாம்' கட்டத்தில் அக்காவின் டிக், ஒரே அளவில், ஒரே சாய்வில்.

"தப்பு என்னோடதுதாம்ப்பா," என்றார். "உபரியைச் சேத்து பைண்டு பண்ணிட்டேன். அக்கா புக்குல இருந்தத அப்படியே செஞ்சிருக்கா. ஒரு தப்பும் பண்ணல. டாக்டர்கிட்ட நானே வந்து சொல்றேன். இன்னொரு நாள் வாங்கலாம்."

மருமகன் புத்தகத்தை வாங்கி இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் தொந்தரவு.

"புக்குல தப்பு உங்களோடதுதான் மாமா. ஒத்துக்கறேன். ஆனா போன வாரம் செஞ்சதையே இந்த வாரமும் செய்யச் சொன்னா, உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியல. டாக்டர் பாக்கப் போறது அதத்தானே?"

மாமா புத்தகத்தைத் திரும்ப வாங்கி மூடினார்.

"தெரிஞ்சுது," என்றார் அக்கா.

இருவரும் திரும்பினார்கள்.

"தெரிஞ்சுதா? அப்பறம் ஏம்மா போனீங்க?"

"தம்பி போட்டிருக்கான். காரணம் இல்லாமயா போடுவான். மறுபடி ரத்தம் எடுக்கணும்னு டாக்டர் இவன்கிட்ட சொல்லியிருப்பார்னு நெனச்சேன்."

"ரெண்டாவது தடவை பிறந்தநாள் வாழ்த்து?"

"அதுவும் இவன் போட்டதுதானே. அந்தம்மாவுக்கும் ஒண்ணும் கொறஞ்சு போயிடல."

இது உண்மையா, தம்பியைக் காப்பாற்ற அந்த நிமிடத்தில் கட்டிய கதையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உண்மை என்றால், தம்பி எழுதிய எதையும் கேள்வி கேட்காமல் செய்கிற மனுஷியைத் தனியாக விடலாமா என்பது மருமகனின் அடுத்த கேள்வி. கதை என்றால், இப்படிக் கோவையாகக் கதை கட்டுகிற மூளைக்கு என்ன குறை என்பது மாமாவின் கேள்வி. இரண்டு பேரும் அவரவர் கேள்வியைக் கேட்டார்கள். மாலைவரை கேட்டார்கள். கடைசியில் மகன் என்கிற முறையில் மருமகனின் கேள்வி ஜெயித்தது.

வீட்டுக்கு வந்து சுருள் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி தரையில் கிடந்த துணுக்குகளைக் கூட்டி அள்ளினார். நாக்கு நுனியில் எப்போதும் இரண்டு வார்த்தை வைத்திருக்கிறவர், அன்றைக்குக் கட்டிலுக்கு அடியிலும் ஒருமுறை கூட்டினார்.

"திட்டித் தொலையேன்," என்றார் சுருள் சார்.

"கட்டில நகத்தக் கூப்பிட்டது நான்தானே," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் இல்லத்தின் வேன் வந்தது. அக்காவின் நாற்பது வருஷ வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளும் ஒரு மடக்கு நாற்காலியும் மட்டும் வெளியே போகத் தயாராயின. இல்லத்திலிருந்து வந்திருந்த நிர்வாகப் பெண், ஒரு படிவத்தை அட்டையில் வைத்து அக்காவிடம் நீட்டினாள். என் விருப்பத்தின் பேரில் சேர்கிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்து, அதன் பக்கத்தில் தேதி. மருமகன் வாசலில் நின்று வேன்காரரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்கா கையெழுத்தைப் போட்டார்.

"இன்னிக்கு என்னடா தேதி?"

"ஆறு அக்கா," என்றார் சுருள் சார்.

அக்கா பேனாவைத் தாளில் வைத்தார். பிறகு எடுத்தார். தம்பியைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்குத் தேதி என்னம்மா?"

"ஆறுங்க."

அதற்குப் பிறகுதான் எழுதினார்.

சுருள் சார் வாசல் பக்கம் பார்த்தார். மருமகனை உள்ளே கூப்பிட்டு, இப்போது நடந்ததை அவனிடம் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. உங்க அம்மா யார் சொன்னாலும் அப்படியே நம்பிடறவ இல்லப்பா, விசாரிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதினா என்று சொல்லலாம். சாட்சிக்கு அந்தப் பெண்ணே நிற்கிறாள். ஆனால் விசாரித்தது யாருடைய வார்த்தையை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

"பெட்டி ரெடியா மாமா?" என்று மருமகன் வெளியிலிருந்து கேட்டான்.

"ரெடிப்பா," என்று பெட்டிகள் இரண்டையும் இரண்டு கைகளில் எடுத்துக்கொண்டு போனார்.